நடுவில் ஒரு வரி

அக்டோபர் 20, திங்கள்

காலையிலிருந்து மஞ்சு. எதிர்மேட்டு ஏலக்காய்த் தோட்டம் பத்து மணி வரை தெரியவில்லை. துவைத்தது எதுவும் காயாது.

கம்ப்யூட்டர் வந்தது. ஏலக்காய் ஸ்டோர் ஆபீசில் புதியது வாங்கியிருக்கிறார்கள். பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர் அங்கே காய் உலர்த்துகிற வேலையில் பதினாறு வருஷம். ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வந்தவை: திரை 1, பெட்டி 1, கீபோர்டு 1, எலி 1, ஒயர் 5. எந்த ஒயர் எந்த ஓட்டை என்று படம் வரைந்து வாங்கிவந்திருக்கிறார். படம் தேவைப்படவில்லை. முனையும் ஓட்டையும் ஒரே வடிவமாக இருந்தால்தான் உள்ளே போகும். நல்ல ஏற்பாடு.

மாதா படத்துக்குக் கீழே உள்ள மேசையில் வைத்தோம். தையல் மிஷின் ஜன்னலோரம் போனது.

ஷைனிக்குப் போன். பெங்களூரில் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அச்சன் ஒரு வேலை குடுத்திருக்காருடி."

வேலை இது. நம் குருசடிக் கோயிலில் கல்லறைத் திருநாள் அன்று, நவம்பர் 2, தமிழ்க் குடும்பங்களில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்போம். பெயர் வரும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். பட்டியலை நோட்டில் எழுதிவைத்து வாசித்துக்கொண்டிருந்தவர் உபதேசியார் தாசன். இந்தத் தவக்காலத்தில் அவரே போய்ச் சேர்ந்தார். நோட்டு ஈரத்தில் ஊறி, பூச்சி அரித்துக் கிடக்கிறது. தொட்டால் தாள் கையோடு வருகிறது. புதிதாய் எழுது, பிரிண்ட் எடு, வாசிக்கவும் நீயே வாசி என்று எங்கள் பங்குச் சாமியார், மலையாளி அச்சன், ஞாயிறன்று சொல்லிவிட்டார். வீட்டுக் கணக்கை நான் ஒழுங்காக எழுதுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மொத்தம் 112 பெயர். இன்னும் 13 நாள். படித்தது எட்டாம் வகுப்பு. ஆண்டவரே, கூட இரும்.

அக்டோபர் 21, செவ்வாய்

மஞ்சு இல்லை. அந்தோணியார் நாள், மெழுகுவர்த்தி ஒன்று. இவருக்குச் சம்பா அரிசிக் கஞ்சி, துவையல்.

தமிழ் அடிக்க வழி கிடைத்தது. ஷைனி போன் எடுக்கவில்லை, நானே தேடியது. ஜன்னல் படம் போட்ட கட்டையை அமுக்கினால் கீழேயிருந்து ஒரு பலகை எழும்புகிறது. அதில் பல்சக்கரம். அதற்குள் நேரமும் மொழியும். மொழி சேர்க்கவா என்றால் உலகத்து மொழி அத்தனையும் வரிசையில் நிற்கிறது. தமிழே நான்கு இடத்தில்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். கேரளத்துத் தமிழுக்குத் தனி இடம் இல்லை. இந்தியாவை அமுக்கினேன். இவர் போனிலிருந்து நெட் வாங்கி இறக்க அரை மணி நேரம்.

கற்றவை:
ஜன்னல் கட்டை + நீளக்கட்டை = மொழி மாறும்.
இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று தட்டினால் தமிழில் அம்மா விழும்.
1 என்று போட்டு ஒரு பெயர் எழுதி எண்டர் தட்டினால் அதுவே 2 போட்டுக்கொள்ளும். கேளாமலே உதவி.
கண்ட்ரோல் + எஸ் = பத்திரப்படுத்தும். முதல் தடவை ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. எண்டர் தட்டினேன், போய்விட்டது. இனி பெயருக்கு ஒருமுறை க.எஸ்.

மேலே "இயேசுவுக்குப் புகழ்" என்று முதலில் எழுதியிருந்தேன். பட்டியலில் சேராத வரி என்று அழித்தேன். மனசு கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபின் திரும்ப எழுதலாம்.

1. சவரிமுத்து. இந்த மேட்டில் முதலில் குடிசை போட்டவர்களில் ஒருவராம். முகம் யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் மட்டும் வருஷம் தவறாமல் வருகிறது. எழுந்து நிற்க வீட்டார் இல்லாததால் அவருக்கு எல்லாரும் நிற்பது வழக்கம்.

இன்று 9 பெயர். திரையில் உள்ள பொத்தானை அமுக்கி அணைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

வெயில். மிளகாய் காய்ந்தது.

நோட்டைத் தொட பயமாக இருப்பதால் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, ஒயர் போட்டு, கம்ப்.க்கு ஏற்றினேன். இன்றைய பெரிய பாடம்: ஜன்னல் கட்டை + இடது அம்பு, படம் இடது பாதிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். வலது அம்பு, எழுதுகிற தாள் வலது பாதிக்கு. இடப்பக்கம் உபதேசியார் கையெழுத்து, வலப்பக்கம் என் எழுத்து. பக்கத்தில் பக்கத்தில். தலை திருப்ப வேண்டாம்.

பூச்சி அரித்த எழுத்துக்கு: கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு எலியின் சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும். "ஞா" தெரிகிறது, "ம்மாள்" தெரிகிறது, நடுவில் ஓட்டை. பெரிதாக்கினால் "ன" வின் வால் ஒரு துளி. ஞானம்மாள். எண் 17.

நான்கு மணிக்கு மைனி வந்தார்கள். இவருடைய அக்கா ரோசம்மாள், பக்கத்து லயத்து வீட்டில் தனியாக. தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வரும் வழியில் என்னிடம் கட்டன் சாயா குடித்துவிட்டுப் போவது பழக்கம்.

"என்னட்டி, டிவிப்பொட்டி முன்னால முழங்கால் போடாத குறையா உக்காந்திருக்க?"

"டிவி இல்ல மைனி, கம்ப்யூட்டர்."

"படம் தெரியுதுல்லா? அப்ப டிவிதான்."

ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டு.

"இப்ப எந்த வருசத்துல நிக்கித?"

"எண்பத்தெட்டு மைனி."

"ம்." கட்டனைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இதுவரை 27.

அக்டோபர் 25, சனி

தூறல். ஜெபமாலை நம் வீட்டில், அவல் நனைத்துக் கொடுத்தேன். எங்கள் ஜெபக்குழு, அன்பியத்துப் பெண்கள் எல்லாரும் கம்ப்.ஐப் பார்த்தார்கள். தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் நானும் அப்படித்தான்.

கற்றவை:
ஜன்னல் கட்டை + வி = முன்பு நகல் எடுத்ததெல்லாம் வரிசையில் நிற்கும். "மனைவி", "மகன்" என்று ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாம்.
இரவு வெளிச்சம் என்று ஒன்று உண்டு. போட்டால் திரை மஞ்சளாகும், கண் எரியாது.
திரையின் பின்னால் நமக்குப் பிடித்த படம் வைக்கலாம். வேளாங்கண்ணி மாதா வைத்தேன்.

"ஏலக்கா கலர்ல பச்சையா இருந்துச்சு, அதுவே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் இவர்.

"ஸ்டோர்ல நாள் முழுக்க ஏலக்கா பாத்தது போதாதா?"

டார்ச்சு லைட்டைத் தேடப் போய்விட்டார்.

மைனி இன்றும் கேட்டார்கள், எந்த வருசம் என்று. தொண்ணூற்றெட்டு என்றேன். எங்கள் மாமனார் சூசை, எண் 44, வந்துவிட்டார். காட்டினேன். அப்பா பெயரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆனால் அதற்காக வந்த மாதிரி இல்லை. எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதுவரை 51. நன்றி ஆண்டவரே, ஒரு பெயரும் பிழையாகவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

எப்படி எழுதுவது.

மூன்று மணிக்கு இடி. ஐப்பசி இடி இந்த மேட்டில் தலைக்கு மேலேதான் விழும். வழக்கம்போல ஓடினேன். மாதா படத்தின் பின்னால் சொருகிய குருத்தோலையில் ஒரு துண்டு கிள்ளிக் கனலில் போட்டுப் புகை. பிறகு பிளக்குகள்: டிவி, பிரிட்ஜ், போன் சார்ஜர். கை நிற்கவில்லை. கம்ப். பிளக்கும். 66-ஆம் பெயர் பாதியில்.

மழை விட்டதும் சொருகினேன். மாதா படம் வந்தது. பட்டியல் இல்லை. திரையில் எங்கும் இல்லை. எழுதுகிற புரோகிராமைத் திறந்தேன். இடப்பக்கம் இங்கிலீஷில் ஏதோ வந்து கேட்டது. தெரியாததை அமுக்காதே என்று பேங்கில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பெருக்கல் குறியை அமுக்கி மூடினேன். வெள்ளைத் தாள் மட்டும்.

மைனி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"போச்சா?"

"போச்சு மைனி. மொத்தமும்."

"அப்ப இந்த வருசமும் பழைய நோட்டுதானா?" முகம் விழுந்துவிட்டது. கட்டன் வேண்டாம் என்று போய்விட்டார்கள். என் வேலை போனதற்கு அவர்களுக்கு ஏன் இவ்வளவு என்று புரியவில்லை.

இவர் வந்து கேட்டார். "குருத்தோலையும் புகைச்ச, பிளக்கையும் புடுங்குன. ரெண்டுல ஒண்ண நம்பக் கூடாதா?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திக்கொண்டார். "நோட்டு இருக்குல்லா. திருப்பி அடி. சோறு நான் பொங்குதேன்."

கணக்கு: 112 பெயர், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். நாளுக்கு 28. இதுவரை என்னால் முடிந்த அதிகம் 14. கல்லறை சுத்தம் பண்ணுவது வேறு. முடியாது.

அந்தோணியாரே, தொலைந்ததைத் தருகிறவரே. கிடைத்தால் 13 பேருக்கு ரொட்டி.

அக்டோபர் 28, செவ்வாய்

வெளுத்த வானம். கிடைத்தது.

எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

காலை ஜெபம் முடித்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். ஜன்னல் கட்டைக்குப் பலகை எழும்பினதும் மேலே ஒரு பூதக்கண்ணாடிப் படம். இதுவரை அதைக் கண்டுகொண்டதில்லை. தேடுகிற இடம் என்று பார்த்தாலே தெரிகிறது. பட்டியல் என்று அடித்தேன். இல்லை. கல்லறை. இல்லை. மாமியார் பெயர். இல்லை. இறந்தவர்களைக் கூப்பிட்டால் யார் வருவார் என்று எனக்கே ஒரு மாதிரி ஆனது. சரி, வரிசைப்படி கூப்பிடுவோம், முதல் ஆளைக் கூப்பிடுவோம் என்று அடித்தேன்.

சவரிமுத்து.

வந்தார். கீழே ஒரு தாள் படம், பக்கத்தில் அவர் பெயர். திறந்தால் 65 பெயரும் வரிசையாய் நிற்கிறது.

நடந்தது இது. முதல் நாள் அந்தப் பெட்டி கேட்டது, இந்தத் தாளுக்கு என்ன பெயர் என்று. நான் சொல்லாமல் எண்டர் தட்டியதால் அதுவே தாளின் முதல் வார்த்தையைப் பெயராக எடுத்துக்கொண்டு, டாகுமெண்ட்ஸ் என்ற அறைக்குள் போய் இருந்துகொண்டது. பத்திரமாக. நான் திரையின் முகப்பில் மட்டும் தேடியிருக்கிறேன். "இயேசுவுக்குப் புகழ்" வரியை அழிக்காமல் இருந்தால் அந்தப் பெயரில் இருந்திருக்கும்.

இன்னொன்று. திரைப் பொத்தானை அமுக்கினால் திரை மட்டும்தான் அணையும். பெட்டி இத்தனை நாளும் மேசைக்கடியில் விழித்தே இருந்திருக்கிறது. அந்த இரைச்சலை பிரிட்ஜ் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். தாளையும் நான் ஒருநாளும் மூடவில்லை. அதனால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டி வரவில்லை.

இனி:
1. க.எஸ்.
2. தாளை மூடு.
3. ஜன்னல் கட்டை, வட்டமும் கோடும் போட்ட படம், ஷட்டவுன்.
4. பெட்டியின் விளக்கு அணையும் வரை ஒரு அருள்நிறை மரியே.
5. பிறகே பிளக்.

தாளின் மேல் நின்று எஃப்2 அமுக்கினால் பெயர் மாற்றலாம். "இறந்தோர் பட்டியல்" என்று வைத்தேன். சவரிமுத்து தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு. பென் டிரைவில் ஒரு நகலும்.

இவர்: "அந்தோணியாருக்குக் கம்ப்யூட்டரும் தெரியுமோ?"

"தொலஞ்சது எதுன்னாலும் தெரியும்."

"அப்ப என் டார்ச்சு லைட்டையும் கேளு."

ரொட்டி 13, பேக்கரியில் சொல்லியாயிற்று.

அக்டோபர் 30, வியாழன்

குளிர். மதியம் இடி, தூரத்தில். ஐந்து படியும் முறையாகச் செய்தேன்.

மைனியிடம் கிடைத்த கதையை நேற்றே சொல்லிவிட்டேன். இன்று மூன்றரைக்கே வந்துவிட்டார்கள், கூடையோடு.

"எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்தாறு முடிச்சு ஏழுக்கு வந்துட்டேன்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உட்காரவில்லை.

"ஏட்டி மேரி. இதுல நடுவுல ஒரு வரி சேத்தா கீழ உள்ளவங்க நம்பர் என்ன ஆவும்?"

"சேத்துப் பாக்கல மைனி. ஏன்?"

அப்புறம் சொன்னார்கள். நின்றபடியே, திரையைப் பார்த்தபடியே. எனக்கு ஒரு பாதி தெரியும்: பிள்ளை ஒன்று பிறந்து தங்கவில்லை என்று. ஷைனிக்கு அப்போது ஒரு வயசு. மறுபாதி இவருக்குக்கூடத் தெரியாது.

"பெரியாஸ்பத்திரில மூணாம் நாளு. நர்சு அந்தப் பக்கம் போயிருக்கா. புள்ள மூச்சுக்குத் தவிக்கான். பாட்டில் மூடியில தண்ணி எடுத்து நெத்தியில ஊத்துனேன். பிதா சுதன் சொன்னேன். எங்கய்யா பேர வச்சேன், சூசைன்னு. அரைமணி நேரம் அந்தப் பேரோட இருந்தான்."

"யார்ட்டயும் சொல்லலியா மைனி?"

"சாமியார் செய்ய வேண்டியத நான் செஞ்சுட்டேனே. பாவசங்கீர்த்தனத்துலயும் வாய் வரல. மறுவருசம் உபதேசியார்ட்ட பேர மட்டும் சேக்கச் சொன்னேன். ஞானஸ்நானம் வாங்காத புள்ளன்னாரு. அதுவுமில்லாம எண் போட்டாச்சு, நடுவுல இடமில்ல ரோசம்மான்னாரு. நோட்ட விரிச்சே காட்டுனாரு. இடமில்லதான்."

உபதேசியாரைக் குறை சொல்லவில்லை. அவர் நோட்டில் வரி நெருக்கித்தான் எழுதியிருக்கிறார், நானே பார்க்கிறேன். தண்ணீர் ஊற்றியது அவருக்குத் தெரியவும் தெரியாது.

மைனி போனபின் பத்து நிமிஷம் ஒன்றும் அடிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்த வருஷத்துப் பெயர்கள் வரும்போது உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள். நானும் பக்கத்தில்.

தூக்கம் வரவில்லை, நடுராத்திரி வரை அடித்தேன். இதுவரை 98.

அக்டோபர் 31, வெள்ளி

ஏழு மணிக்கே அச்சனுக்குப் போன். என் வாயால் நான் முடிவு செய்யக் கூடாது. மைனியிடம் கேட்டுக்கொண்டுதான் பேசினேன். முழுதும் கேட்டார். அவருடைய தமிழில் பாதி மலையாளம்.

"மேரி, சாகப்போற குஞ்ஞுக்கு ஆரு தண்ணி ஊத்தினாலும் அது ஞானஸ்நானம் தன்னெ. அந்த அம்மா செஞ்சது பாவம் இல்ல, புண்ணியம். இத்தர வருஷம் அவங்க எந்தினாணு பயந்தது? பேரு எழுதிக்கோ. நான் இன்னிக்கே அவங்களப் பாக்குறேன்."

மைனியைக் கூட்டிவந்தேன். வேலைக்குப் போகவில்லை. தலை சீவி, வெளுத்த சேலை.

எண் 70, செல்லம்மாள், மழைக்காலத்தில் போனவர். பிள்ளை அதற்கு அடுத்த மாதம். செல்லம்மாளின் கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் எண்டர் தட்டினேன். ஒரு வெற்று வரி பிறந்தது, 71 என்ற எண்ணோடு. கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு எண் இறங்கிக்கொண்டார்கள், கோயில் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிற மாதிரி. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

71. சூசை, ரோசம்மாள் மகன், மூன்று நாள்.

க.எஸ்.-ஐ மைனியின் விரலால் அமுக்க வைத்தேன். இரண்டு தடவை அமுக்கினார்கள். இரண்டு தடவை அமுக்கினாலும் தப்பில்லை.

மீதியை மதியத்துக்குள் முடித்தேன். கடைசி, உபதேசியார் தாசன். 112 ஆக இருக்க வேண்டியவர்.

"அவரு எத்தன?"

"நூத்திப்பதிமூணு மைனி."

"அப்ப அவரும் ஒரு இடம் தள்ளிக்கிட்டாரா?" மைனி சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்புதான்.

மேலே "இயேசுவுக்குப் புகழ்" வரியை மறக்காமல் திரும்பச் சேர்த்தேன்.

பென் டிரைவோடு இவர் டவுனுக்கு. கடையிலிருந்து போன்: அந்த கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். பிடிஎஃப் ஆக வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம். சேமிக்கிற இடத்திலேயே கீழே ஒரு வரிசையில் இருக்கிறது. அப்படிச் சேமித்தால் எந்தக் கடையில் திறந்தாலும் எழுத்து உடையாது. வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஐந்து தாள், இரண்டு நகல். ஒரு எழுத்தும் உடையவில்லை.

இவரிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. மைனி சொன்னார்கள், "அவன் அங்கயே கேக்கட்டும்."

நவம்பர் 2, ஞாயிறு

மஞ்சு, ஆனால் மழை இல்லை. நேற்றே கல்லறைகளில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்தாயிற்று. கொண்டுபோனவை: மெழுகுவர்த்தி 2 கட்டு, செவ்வந்தி 8 முழம், தீப்பெட்டி, கண்ணாடி, பட்டியல்.

பூசைக்குப் பின் வாசித்தேன். சவரிமுத்துக்கு எல்லாரும் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்கள். பிறகு வீடு வீடாக. ஒவ்வொரு பத்துப் பெயருக்கும் ஒரு பதில் ஜெபம். 70-க்கு ஜெபம் முடிந்து சின்ன அமைதி. அந்த அமைதியில்தான் 71 வந்தது. அப்படி அமையும் என்று நான் கணக்குப் போடவில்லை.

"சூசை, ரோசம்மாள் மகன், மூன்று நாள்."

மைனி எழுந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரே ஆளாக. ஆண்கள் பக்கத்தில் இவர் தலை நிமிர்ந்தது. அக்காவைப் பார்த்தார். அப்பா பெயர், அக்கா மகன். ஒரு கணம்தான். தாய்மாமன், அவரும் எழுந்தார். நான் கையில் தாளோடு நிற்கிறவள். முன்பே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

72 வாசிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வரும் வழியில் இவர் அக்கா பக்கத்திலேயே நடந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, மழை இல்லாமலே.

நவம்பர் 3, திங்கள்

வெயில் கொஞ்சம். மாவு அரைக்க வேண்டும். பால் கணக்கு முடித்தேன். அந்தோணியார் ரொட்டி நாளைக்கு.

டார்ச்சு லைட் கிடைத்தது, அரிசி டின்னுக்குப் பின்னால்.

மைனி நான்கு மணிக்கு. கட்டன். ஸ்டூல்.

"வேல முடிஞ்சுதா? இனி அந்தப் பொட்டிய என்ன செய்வ?"

"அன்பியத்துப் பொம்பளைங்க கத்துக்குடுக்கச் சொல்லுதாங்க. நீங்களும் வாங்க மைனி."

"எனக்கு ஒண்ணு மட்டும் காட்டு. அந்தப் பேரு."

கண்ட்ரோல் + எஃப் போட்டுச் சூசை என்று தேடினேன். இரண்டு இடத்தில் மஞ்சள்: 44 தாத்தா, 71 பேரன். பேரனிடம் போனேன்.

"சிறுசா இருக்கு. கண்ணு தெரியல."

கண்ட்ரோலை நான் பிடித்துக்கொண்டேன், சக்கரத்தை மைனி உருட்டினார்கள். செல்லம்மாள் மேலே மறைந்தார். 72 கீழே மறைந்தார். "இன்னும் போவுமா?" போகும். "ரோசம்மாள் மகன்" வலப்பக்கம் விளிம்பைத் தாண்டியது. ஐந்நூறுக்கு மேல் போகாது, நின்றுவிட்டது. திரையில் சூசை மட்டும்.

மைனி சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

தூரத்தில் இடி. எழுந்து பிளக்குக்குப் போனேன்.

"ஏட்டி, இரு," என்றார்கள். "இடி இன்னும் கிட்ட வரல."